கட்டையைத் தாண்டி வா

கன்யே
12 ஆகஸ்ட் 2003

அன்பு மகன் மொதூசிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், ஒராட்டிலே என்று பேரிட்ட உன் மகள் நன்றாகத்தான் பால் குடிக்கிறாள், சுரங்கத்தில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும். குளிர் இன்னும் விடவில்லை, ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இதையெல்லாம் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் மனைவி கெனெயில்வேக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கர்ப்பத்திலேயே ரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். தாயில்லாப் பெண், என்னிடம் மட்டும் சொல்லி, "அவருக்கு எழுதாதீங்கம்மா, என்னை விட்டுடுவாரு" என்று அழுதாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைக்குத் தொற்றாமலிருக்க மருந்தும் பால்மாவு டப்பாவும் கொடுத்தார்கள். "டப்பாப் பால்னா டப்பாப் பால் மட்டும்தான், தாய்ப்பாலையும் கலந்து குடுத்தா ஆபத்தும்மா" என்று நர்ஸ் என்னைப் பார்த்தே சொன்னாள், நானும் தலையாட்டினேன். பிள்ளை பெற்ற வீடென்று வாசலில் குறுக்கே கட்டை போட்டிருக்கிறோம், மூன்று மாதத்துக்கு வெளியாள் வரமாட்டார்கள், அந்தத் தைரியத்தில் டப்பாவைச் சோள மூட்டைக்குள் புதைத்து வைத்தேன்.

ஆனால் உன் அத்தை கபாய்போனேயை எந்தக் கட்டை தடுக்கும்? பிள்ளை பிறந்த பத்தாம் நாள் வந்துவிட்டாள். கஞ்சிக்குச் சோளம் அள்ளப் போனவள் டப்பாவோடு வந்து நின்றாள். "மாரு ரெண்டு இருக்கறப்ப இது எதுக்குடி? உன் மருமகளுக்கு ஏதாவது சீக்கா?" என்றாள். டப்பாப் பாலைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்கே தெரியும். பயந்துபோய், பால் இன்றைக்குத்தான் சுரந்தது என்று புளுகினேன், கெனெயில்வேயிடம் "மார எடுத்துக் குடுடி, அவ பாக்கட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கொடுத்தாள். அத்தை இருந்த நான்கு நாளும் கொடுத்தாள், அத்தை தலை மறைந்தால் டப்பாப் பால். கலந்தது நான்தான் மகனே, அவள் இல்லை.

போன வாரம் பிள்ளையின் குதிகாலில் ரத்தம் எடுத்தார்கள், அடுத்த மாதம் ஐந்தாம் தேதி முடிவு சொல்வார்கள். பிள்ளை தும்மினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நீயோ அடுத்தது பையனாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கெனெயில்வேயிடம் படித்துக் காட்டினேன், "இன்னொரு தடவ இதே பயமாம்மா?" என்று கேட்டாள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டு எழுதாதே. முதலில் நீ அங்கே ரத்தம் பார்த்துக்கொள், இருந்தால் மருந்து இருக்கிறது, அவளை மட்டும் விட்டுவிடாதே.

ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடு. பயணம் வந்த கால் சூடு, பச்சைப் பிள்ளைக்கு ஆகாது, தகப்பனே ஆனாலும் உள்ளே போகக் கூடாது என்று அத்தை கத்துவாள். ஊருக்குப் பயந்து நான் செய்தது போதும். நீ கட்டையைத் தாண்டி வந்து பிள்ளையைக் கையில் வாங்கு.

கடவுள் உன்னை மண்ணுக்குள்ளேயும் மேலேயும் காக்கட்டும். ரத்தம் பார்க்க மறக்காதே.

உன் பெயரால் ஊர் அழைக்கும் உன் அம்மா,
மாமொதூசி

கெனெயில்வேக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். உறையின் மேல் முகவரி எழுதியிருப்பது அவள்தான்.