காப்பியால் தள்ளிப்போன ஆபரேஷன்

ஜூலை 14, திங்கள்
தூறல், ஊதக்காற்று. கோவை ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. இவருக்குக் கணையத்தில் கட்டி. நாளைக் காலை ஆபரேஷன்.

கொண்டுவந்தது: ஸ்கேன் கவர், லுங்கி 2, போர்வை, சொம்பு. மறந்தது: சீப்பு, என் பிரஷர் மாத்திரை.

டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். எதை வெட்டுவார், எதை எதோடு தைப்பார். எல்லாவற்றுக்கும் இவர் "சரிங்க, சரிங்க". கடைசியில், ஏதாவது கேக்கணுமா என்றார்.

"நீங்க சாப்ட்டீங்களா டாக்டர்?"

அட கடவுளே. மீதியெல்லாம் நான்தான் கேட்டேன்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. தலைமாட்டில் பெரிய எழுத்தில் அட்டை.

ஜூலை 15, செவ்வாய்
ஆபரேஷன் இல்லை.

ஆறரைக்குக் கையெழுத்துப் போடக் கீழே போனேன். பத்தே நிமிஷம். அதற்குள் இவர் அக்கா, எங்கள் நங்கையா, சத்தியமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் பிளாஸ்க்கோடு ஆஜர். நர்ஸ் வந்து ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டதும் இவரே, "ஒரு டம்ளர் காப்பிங்க சிஸ்டர்." மயக்க மருந்து டாக்டர் முடியாது என்றுவிட்டார். இனி வெள்ளிக்கிழமைதான்.

"ஏனுங்க, அட்டை கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது அம்மணி. அக்கா இத்தன தூரம் கொண்டாந்திருக்குது. வேண்டாம்னா மூஞ்சி சுண்டிப்போயிருமல்ல."

உள்ளே கட்டி. இவருக்கு அக்கா மூஞ்சி.

நங்கையா: "வெறும் வவுத்தோட போனா தாங்குவானா கண்ணு?" பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்
மதியம் இவர் போனில் நங்கையா. நாளைக்கு ஆடி பிறக்கிறதாம். "ஆடியில கத்தி வெக்கலாமா? ஆவணிக்குத் தள்ளிப்போட்டுரு." அதற்கும் இவர், "சரிக்கா."

போனைப் பிடுங்கினேன். இருபத்து மூன்று வருஷத்தில் அவரை ஒரு வார்த்தை எதிர்த்ததில்லை. "ஆவணி வரைக்கும் உங்க தம்பி இருக்கோணுமல்லங்க?" என்று கேட்டுப்போட்டேன். இவரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 17, வியாழன்
வெயில். சீப்பு வாங்கினேன். கேன்டீன் இட்லி கல்.

தலை சீவிவிடும்போது மெதுவாக, "அக்காளுக்காகக் குடிக்கல அம்மணி. பயம். ஒரு நாளாச்சும் தள்ளிப்போகட்டும்னுதான் குடிச்சேன்."

மூன்று நாளாக நங்கையாவை மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். இந்த மனுஷனை என்ன செய்ய? ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி
7.15 உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் என்னிடம் மட்டும்: திறந்து பார்த்துப் பரவியிருந்தால் ஒரு மணி நேரத்தில் மூடிவிடுவோம். எடுக்க முடிந்தால் ஆறு, ஏழு மணி நேரம் ஆகும்.

நங்கையா வந்திருக்கிறார். ஆடி வெள்ளி, விரதம். அரை மணிக்கொருதரம், "இன்னும் என்ன பண்றாங்க? வெரசா முடிச்சு உடச் சொல்லு கண்ணு." சும்மா இருங்க என்றால் கேட்பதில்லை.

8.30 கதவு திறந்தது. உயிரே போய்விட்டது. வேறு யாருக்கோ.

10.00 இல்லை.

11.00 "இத்தன நேரமா? எனக்குப் பயமா இருக்குது கண்ணு" என்று அழ ஆரம்பித்தார். பொறுக்க முடியாமல் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக் கும்பிட்டார். "தொறக்காதீங்க சாமி, தொறக்காதீங்க."

12.20 திறக்கவில்லை.