சந்தனம் அப்பிய ஹார்டு டிஸ்க் டப்பா

மாப்பிள்ளை, இப்போது நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். குலதெய்வத்தின் மேல் ஆணையாக அதை முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நீங்கள் ஒருவர்தான் என் பேச்சையெல்லாம் முழுசாகக் கேட்டுவிட்டு, "நூத்துல ஒண்ணு நெசமா இருந்தாப் போதும்ங்க மச்சான், நான் நம்பிக்குவேன்" என்பீர்கள். இப்போது அந்தச் சலுகையைத் தர ஆளில்லை.

இன்று ஆயுத பூஜை. நீங்கள் போன துக்கம் என்று போன வருஷம் பூஜை வைக்கவில்லை. கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் உங்கள் பம்பு பட்டறைக்குள் நுழைந்ததும் கிரீஸ் வாடையையும் மீறிச் சந்தனம் மணத்தது. மேசைமேல் உங்கள் அலுமினிய டப்பா.

அது வந்த நாள் நினைவிருக்கிறதா? என் லேப்டாப் உயிரை விட்டபோது கோயமுத்தூரே கடையடைத்தது. உக்கடம் பஸ்கள் ஓரமாக நின்று கண்ணீர் விட்டன. நான் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேவிட்டேன். நீங்கள் அடிப்பக்கத்தைக் கழற்றி, உள்ளங்கையளவு ஹார்டு டிஸ்க்கை உருவி எடுத்தீர்கள்.

"செத்தது ஊடுதானுங்க மச்சான். குடியிருந்தவன் உசுரோடதான் இருக்கான். வேற ஊட்டுல குடி வெச்சாப் போதும்."

காந்திபுரம் போய் அந்த டப்பாவை வாங்கிவந்து, டிஸ்க்கை அதற்குள் தள்ளித் திருகு முடுக்கி, வயரை உங்கள் லேப்டாப்பில் செருகினீர்கள். என் கல்யாண போட்டோ வந்து நின்றது. "ஏனுங்க மச்சான், இதுல நீங்க அழுவற மாதிரியல்ல இருக்கீங்க? இதுக்கா இத்தனை பாடு?"

என் படங்களை வேறொன்றில் ஏற்றிக் கொடுத்துவிட்டு டப்பாவை நீங்களே வைத்துக்கொண்டீர்கள். அடுத்த ஆயுத பூஜையில் லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, கால்குலேட்டருக்கு, குறுக்கே போன பூனைக்கு என்று சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவர், டப்பாவுக்கும் வைத்தீர்கள். அதுவும் வயர் செருகும் வாயிலேயே ஒரு அப்பு. "இதுவும் நாளைக்குச் சோறு போடுமுங்க" என்றீர்கள்.

நீங்கள் போன கொஞ்ச நாளில் உங்கள் லேப்டாப்பும் பின்னாலேயே கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சத்தியமங்கலம் வியாபாரி பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் பழைய அளவிலேயே வேண்டும் என்றார். அந்த அளவெல்லாம் நீங்கள் வரைந்த படங்களில். படங்களோ அணைந்த லேப்டாப்புக்குள்.

"பட்டறைய வாடகைக்கு உட்டுப்போடலாம்ங்ணா. இவ ஒருத்தி என்ன பண்ணுவா?" என்றாள் தங்கை, மகளைக் காட்டி.

உங்கள் மகள் பட்டறைச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். "படம் கெடைச்சா நான் ஓட்டறேன்மா. கெடைக்கலைன்னா சாவிய நீயே எடுத்துக்க."

உங்கள் லேப்டாப்பின் டிஸ்க்கை அவளே கழற்றினாள். அந்த டப்பாவிலிருந்த என் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு இதை மாட்டினாள். ஆலோசகர் என்ற முறையில் நான் மரச்சுத்தியலோடு நின்றேன்.

"ஒரு தட்டு தட்டட்டுமா அம்மணி?"

"கைய எடுங்க மாமா. இது அடைச்சுக்கிட்ட பைப்பு இல்லீங்க."

அவள் லேப்டாப்பிலிருந்து வந்த வயர் டப்பாவுக்குள் சரியாக இறங்கவில்லை. விளக்கும் எரியவில்லை. தங்கை சாவியைப் பார்த்தாள். மகள் போன் வெளிச்சத்தை அந்த வாய்க்குள் அடித்தாள். உள்ளே உங்கள் சந்தனம், கல்லாக இறுகிக் கிடந்தது.

"அப்பா!" என்றாள். திட்டினாளா, கூப்பிட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊக்கால் மெல்லச் சுரண்டி, பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி செருகினாள். டப்பாவின் சின்ன விளக்கு மினுக்கியது. மருதமலை முருகன் வேலாயுதத்தைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுக் கைதட்டினார். வெள்ளியங்கிரி யானைகள் வரிசை கட்டிப் பிளிறின. கிழக்கே போகும் நொய்யல் ஆறு திரும்பி மேற்கே ஓடியது. உங்கள் படங்கள் ஒன்றுகூடக் குறையாமல் வந்து நின்றன.

தங்கை டீ வைத்துக்கொண்டு வந்தாள். டம்ளர் வைக்க இடம் வேண்டுமென்று சாவிக்கொத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். மகளோ டீ ஆறுவதற்குள் எல்லாப் படத்தையும் இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டாள். சத்தியமங்கலத்துக்குச் சரக்கு போயிற்று. இப்போதெல்லாம் பட்டறையில் லேத் சும்மா நிற்கும் ஒரே நாள், இந்த ஆயுத பூஜை நாள்தான். பல்லடத்திலும் வெள்ளகோவிலிலும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தப்பமுடியாது. என் மருமகள் கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

சற்றுமுன் அவள் சந்தனக் கிண்ணத்தோடு உங்களைப் போலவே சுற்றி வந்தாள். டப்பாவிடம் வந்ததும் வயர் செருகும் வாயைக் கட்டைவிரலால் இறுக மூடிக்கொண்டு, மேலே மட்டும் ஒரு பொட்டு வைத்தாள்.

"என்னங்க மாமா, தானா சிரிக்கறீங்க?"

"உங்கப்பனுக்கு ஒரு சேதி சொல்லோணும் அம்மணி."

யானையும் நொய்யலும் என் கைச்சரக்கு, மாப்பிள்ளை. நூற்றில் ஒன்று கேட்பீர்களே, அந்தக் கட்டைவிரல் நெசம்.