மூலையில் நம் கடை நம்பர்

ஆகுர்டி, புனே.

அன்புள்ள மச்சானுக்கு சைனபு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கூடப்பிறந்த காக்காவுக்குக் கண் இப்போது எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்த கண், குனிய விடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தே தொழச் சொல்லுங்கள். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் தண்ணீர் வரவில்லை. போனில் நான் வாயைத் திறந்தாலே கத்துகிறீர்கள். அதனால்தான் ஊருக்கு, கீழக்கரைக்குப் புறப்பட்ட பக்கத்துக் கடை இர்ஃபானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை நடுவில் மறிக்க முடியாதல்லவா.

நம் மகள் நாஸியாவை ஓவியக் கல்லூரியிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பச் சொன்னீர்கள். இன்னும் அனுப்பவில்லை. முதலில் நடந்ததை முழுதாகக் கேளுங்கள்.

ஸ்டேஷன் ரோட்டில் புது அடுக்குமாடி வீடுகளை விற்க அந்த பில்டர் வைத்த பேனர் நம் கடையில் அச்சடித்ததுதான். ‘உங்களைப் போன்றவர்கள் மட்டுமே வாழும் இடம்’ என்று மராத்தியில் பெரிதாக இருந்ததே, அது. அதன் பக்கத்திலேயே நாஸியாவும் சிநேகிதிகளும் இன்னொன்று கட்டினார்கள். அதே நிறம், அதே எழுத்து, அதே சிரிக்கும் குடும்பம். ‘வாட்ச்மேன் வேலைக்கும், பாத்திரம் தேய்க்கவும், குப்பை அள்ளவும் ஆட்கள் தேவை. உங்களைப் போன்றவர்கள் மட்டும் வரவும்.’ காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம்.

மூலையில் நம் கடை நம்பர் இருந்ததால்தான் பில்டர் கண்டுபிடித்தார். திருட்டுத்தனமாக வைக்கிற பேனரில் யாராவது நம்பர் போடுவார்களா என்று கேட்டீர்கள். நாஸியா போடவில்லை மச்சான், நான் போட்டேன். நம் நம்பர் இல்லாமல் ஒரு பேனரும் வாசல் தாண்டக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். கை அது பாட்டுக்குப் போட்டுவிட்டது. மெஷினை ஓட்டியதும் நான்தான். வாசகமும் என்னுடையது. நான் தமிழில் சொன்னேன், அவள் மராத்தியில் ஆக்கினாள்.

நாம் வீடு தேடி அலைந்தபோது உங்கள் பெயரைக் கேட்டதும் எத்தனை பேர் வீடு காலியில்லை என்றார்கள்? பில்டரின் பேனரைச் சுருட்டிக் கட்டும்போது எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கும் எரிந்திருக்கும், சொல்ல மாட்டீர்கள்.

அன்று முழுக்க போன் ஓயவில்லை. சிலர் திட்டினார்கள். சிலர் நிஜமாகவே வேலை கேட்டார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நாஸியா அவர்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டாள். வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். அவர்கள் ஊர்வலத்துக்கான பேனர் எல்லாம் இனி நம்மிடம்தான்.

பில்டர் பழையதை இறக்கிவிட்டார். புதியதை வேறு கடையில் அடித்திருக்கிறார். நமக்கு நஷ்டம்தான், ஆனால் அதில் அந்த வரி இல்லை! அவருடைய டிசைனை எடுத்தது தப்பு என்று நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசகத்துக்குக் கேட்கவில்லை.

நீங்கள் திட்டியபோதெல்லாம் நாஸியா என் பெயரைச் சொல்லவே இல்லை. வாப்பா பேசவில்லையே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரிக்குப் போ என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லுங்கள். மிச்சக் கோபத்தை எனக்கு வைத்திருங்கள், வந்து திட்டுங்கள். கடையில்தான் இருப்பேன்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சைனபு