இருபத்தாறாம் படி

பதிவு 61
காலை 07:10. எடை: பூமியில் இருப்பதில் பாதி.

இதை யார் படிக்கப் போகிறீர்கள் என்று தெரியாது. தினமும் எழுத வேண்டும் என்பது விதி, எழுதுகிறேன். நான் ஜெசிந்தா, உடற்பயிற்சி நிபுணர், ஊர் தூத்துக்குடி. இது பூமியைச் சுற்றிவரும் மறுவாழ்வு மருத்துவமனை. பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சுழலும் ஒரு சக்கரம், விளிம்பில் ஒரு வார்டு, நடுவில் எடையே இல்லாத மைய அறை. சக்கரம் வேகமாகச் சுற்றினால் வார்டில் எடை கூடும். வார்டிலிருந்து மையத்துக்குப் போக ஒரு லிஃப்ட் உண்டு. லிஃப்ட் நின்றுபோனால், ஒரே ஒரு ஆள் நுழையும் குழாயில் ஐம்பத்திரண்டு படி ஏணி. ஏற ஏற உடம்பு லேசாகும். இருபத்தாறாம் படியில் எடை சரிபாதி.

இப்போது ஒரே நோயாளி. மாசானம் அண்ணாச்சி, வயது ஐம்பத்தாறு. எடையில்லாத விண்கல் சுரங்கத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கால் இரண்டும் முருங்கைக்காய். நான் சிஸ்டர் இல்லை, பயிற்சி கொடுப்பவள் என்று பத்து தடவை சொல்லியாயிற்று. தலையாட்டுவார். மறுநாளும் சிஸ்டர்தான்.

பாளையங்கோட்டையில் அவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, நாற்பத்தெட்டு படி. யாரும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, தானே ஏறிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான்.

பயிற்சிக்கும் அந்த ஏணிதான். இன்று ஏறியது: 11.

பதிவு 70
காலை 09:30. எடை: நூற்றுக்கு அறுபத்தைந்து.

மூன்று வாரத்தில் இருபது படியைத் தொடாவிட்டால் நோயாளியைச் சுரங்கக் குடியிருப்புக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் பூமி கிடையாது. நாளையோடு மூன்று வாரம். அண்ணாச்சி ஏறியது 13. தரைநிலையமும் பார்க்கும் பயிற்சி அட்டையில் 20 என்று எழுதினேன்.

எண்ணும்போது ஒன்றிரண்டைத் தாண்டிக் கொஞ்சம் கை கொடுப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஏழு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு. கேட்பவருக்குத் தெம்பு வரும். மறுநாள் உண்மையிலேயே ஒரு படி கூட ஏறுவார். இதில் பாவம் ஒன்றும் இல்லை.

பதிவு 74
காலை 09:45. எடை: நூற்றுக்கு எண்பது.

அட்டையில் ஏறும் எண்ணைப் பார்த்துச் சக்கரம் தானாகவே எடையைக் கூட்டுகிறது. படி கூடினால் எடை கூடும், குறைந்தால் குறையும். இன்று ஏறியது 14. எழுதியது 26. இந்த வாரம் போகட்டும், திங்கட்கிழமை உண்மையை எழுதிச் சமன் செய்துவிடலாம்.

பயிற்சி முடிந்ததும் அண்ணாச்சிக்கு உதடு வெளுத்திருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் நிமிர்ந்திருந்தால் இரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது, மயங்கிவிடுகிறார்.

பதிவு 75
பிற்பகல் 14:20.

மிளகு அளவு கல் ஒன்று சக்கரத்தைத் துளைத்துவிட்டது. லிஃப்டின் மின்கம்பி அறுந்தது. வார்டில் காற்று கசிகிறது, இரண்டு நாளுக்குத் தாங்கும். வாயுத் தொட்டி காலி.

அந்த வாயு எதற்கென்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சக்கரத்தின் மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டத்தான் தெரியும். குறைக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கமாக வாயுவைப் பீச்ச வேண்டும். இனி எண்பது எண்பதுதான்.

தரைநிலையத்திலிருந்து வந்தது: "ஆளில்லாக் கப்பல் நாளை காலை 09:18-க்கு மைய அறைக்கு வரும். இருபத்திரண்டு நிமிடம்தான் நிற்கும். அடுத்த கப்பல் பன்னிரண்டு நாள் கழித்து. இருபத்தாறு படி ஏறும் நோயாளிக்குச் சிரமம் இருக்காது. அதன்பிறகு பாதி எடைதானே."

அட்டையைத்தான் படித்திருக்கிறார்கள். 14 என்று திருத்திச் சொன்னேன். தரையில் கணக்கை மறுபடி போட்டார்கள். பிறகு, "வேறு வழி இல்லை, ஜெசிந்தா."

மாலை 17:50.

இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து இழுத்தேன். இரண்டு படி. என் கை தோல் உரிந்தது. நடுவில் கொக்கியால் ஏணியோடு மாட்டிக்கொண்டு ஓய்வெடுக்கச் சொன்னேன். நின்ற வாக்கிலேயே மயங்கினார், இறக்கிப் படுக்கவைத்தேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான் படித்த படிப்பெல்லாம் ஆறு மாதத்தில் ஒரு மனிதனை நடக்கவைப்பதற்கு. ஒரு காலைப்பொழுதில் அல்ல.

பதிவு 76
காலை 09:12. மைய அறை.

கப்பல் கதவை மேலிருந்துதான் திறக்க முடியும். அதனால் நான் முன்னால் ஏறி வந்துவிட்டேன். அண்ணாச்சி ஏணியடியில் கட்டிலில் படுத்திருக்கிறார். இருவர் காதிலும் வானொலி. பேச்சு தானாகப் பதிவாகிறது.

09:19. கப்பல் சேர்ந்தது. கதவு திறந்தது.

09:20.
"ஏறுங்க அண்ணாச்சி. நான் எண்ணுறேன். ஒண்ணு. ரெண்டு."
"எண்ணுங்க சிஸ்டர்."

09:27.
"பதிமூணு. பதினாறு. பதினெட்டு. நல்லா வர்றீங்க."
"சிஸ்டர், கொஞ்சம் நிக்கேன்."
"நிக்காதீங்க. இன்னும் ரெண்டே ரெண்டு."

09:29.
"இது பதினஞ்சு சிஸ்டர்."
"இல்ல அண்ணாச்சி, இருபது..."
"நானும் எண்ணிக்கிட்டுத்தான் வாரேன். தெனமும் எண்ணுவேன். ஏழு முடிஞ்சா ஒம்பதும்பிய. எனக்குத் தெரியும். என்னைய திருப்பி அனுப்பிரக் கூடாதுன்னுதான் செய்யிய. அதான் நானும் வாயத் தொறக்கல."

09:31. நான் குழாய்க்குள் இறங்கினேன். முப்பதாம் படிவரை போனேன். அவர் தலை தெரிந்தது. எட்டவில்லை. இன்னும் இறங்கினால் கப்பல் கிளம்புவதற்குள் இருவருமே மேலே வர முடியாது என்று தெரிந்தும் ஒரு படி இறங்கினேன்.

09:33.
"வராதீய. கண்ணு இருட்டுது. நீங்க மேல போங்க."
"ஒரே ஒரு படி அண்ணாச்சி. கைய நீட்டுங்க."
"நான் எறங்குதேன். எறங்குறதுக்குத் தெம்பு இருக்கு. விழுந்து சாவ மாட்டேன் சிஸ்டர், படுத்துக்கிடுவேன். வீட்ல கேட்டா பதினாறு படி ஏறினேன்னு சொல்லுங்க. கூட்டிச் சொல்லாதீய."

09:35. "பதினாறு. பதினஞ்சு. பதினாலு." ஒன்றைக்கூட விடாமல் எண்ணினார். ஒன்றுவரை எண்ணினார். அப்புறம் கட்டில் கிறீச்சிடும் சத்தம்.

09:41. கப்பலில் இருக்கிறேன். கதவு தானாக மூடிக்கொண்டது. நான்தான் ஏறி உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. இதைப் படிப்பவர் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

10:05. வானொலியில் இன்னும் மூச்சுச் சத்தம் கேட்கிறது. கூப்பிட்டேன். "ம்" என்றார்.

10:30. அட்டையை நிரப்பச் சொல்லிக் கையிலுள்ள திரை கேட்கிறது. தினமும் கேட்பதுதான்.

நோயாளி: மாசானம். இன்று ஏறிய படிகள்: 16.

10:31. சக்கரத்திலிருந்து தானியங்கிப் பதில்: "பதிவு ஏற்கப்பட்டது. இந்த அளவுக்கு நோயாளியின் எடையை நூற்றுக்கு ஐம்பதாகக் குறைக்க வேண்டும். குறைக்கப்படுகிறது. வாயு இல்லை. மீண்டும் முயல்கிறது. வாயு இல்லை. மீண்டும் முயல்கிறது."