கட்டிலைப் படம் எடுத்து அனுப்பவும்

ஜூன் 3

"உனக்கு ஆயுசுக்கும் தூக்கமே வராது" என்று இன்று ஒருவர் தொலைபேசியில் சபித்தார். மெத்தைக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான சாபம் கிடையாது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டு, சாபத்துக்கும் ஒரு புகார் எண் கொடுத்தேன். பழக்க தோஷம்.

மத்தியானம் சின்ன முதலாளி கூட்டம் போட்டார். பெரியவர் ஒதுங்கிக்கொண்டதிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. இனி பிரிவுத் தலைவர் நாற்காலியில் எம்.பி.ஏ. படித்தவர்தான் உட்காரலாமாம். படித்து முடிக்காவிட்டாலும் நல்ல கல்லூரியில் இடமாவது கிடைத்திருக்க வேண்டுமாம். இல்லையென்றால் அக்டோபரில் வெளியிலிருந்து ஆள் வருவார்.

அந்த நாற்காலியில் ஆறு வருடமாகத் 'தற்காலிகமாக' உட்கார்ந்திருப்பவள் நான். என் உடம்பு வாகுக்கு அது குழிந்தே போய்விட்டது. வருகிற புது ஆள் வழுக்கி விழாமல் இருக்க வேண்டும்.

சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9

விண்ணப்பம் வாங்கிவிட்டேன். வேலை பார்ப்பவர்களுக்கான வார இறுதிப் படிப்பு. மூன்று கட்டுரை எழுத வேண்டும், பிறகு நேர்காணல். நாற்பத்தேழு வயதில் பரீட்சை எழுதுவதென்றால் யாராவது சிரிப்பார்கள் என்று மகளைத் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. கணக்குப் பிரிவு அம்மாள் காதில் மட்டும் விழவே கூடாது. விழுந்தால் வாசல் காவலாளி வரைக்கும் எனக்கு வாழ்த்துச் சொல்வான்.

அந்த அம்மாள் சொன்ன ஒரு செய்தி: நம்ம ஸ்பிரிங் இப்போதெல்லாம் மடிப்புக் கலையாத சட்டை போடுகிறான், போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடுகிறான், ஏதோ இருக்கிறது. ஸ்பிரிங் எனக்குப் பக்கத்து மேசை. துள்ளித் துள்ளி நடப்பான் என்பதால் நான் வைத்த பெயர்தான் அது. பிள்ளைகுட்டிக்காரன். "நானும் கவனிச்சேன், சென்ட் வேற போடறான்" என்று என் பங்குக்கு ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 15

முதல் கட்டுரையை முடித்து மகளிடம் கொடுத்தேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், ஈவு இரக்கம் கிடையாது. படித்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, இது கட்டுரையா, மன்னிப்புக் கடிதமா?"

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியே 'வருந்துகிறோம்' என்றிருந்தது. கடைசியில் 'இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறோம்.' என்ன நேராது? என் வாழ்க்கையா?

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். இருபது வருடம் யாரோ செய்த தப்புக்கெல்லாம் வருந்தி வருந்தி, கையில் வேறு பாஷையே மிச்சமில்லை.

ஜூன் 16

இரண்டாம் கேள்வி: பத்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்? — முட்டிவலி டாக்டர் வீட்டு பெஞ்சில். இதை எழுத முடியாது.

ஜூன் 22

மூன்றாவது கேள்வி: நீங்கள் முன்னின்று கொண்டுவந்த ஒரு மாற்றத்தை விவரிக்கவும்.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், கட்டில் விஷயம். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் பிரிவுக்கு உயிர் போய் உயிர் வந்த சமயம். 'மெத்தை குழிகிறது' என்று புகார் மேல் புகார். திருப்பி எடுத்து வந்து பார்த்தால் மெத்தை கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். ஒருநாள் ஸ்பிரிங் ஒரு வீட்டுக்கு நேரிலேயே போய் மெத்தையைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். அடியில் கட்டிலின் குறுக்குப் பலகையில் பாதியைக் காணோம். அங்கிருந்தே போன் போட்டான்: "அக்கா, மெத்தையை விடுங்க. எல்லாரையும் கட்டிலக் காட்டச் சொல்லுங்க."

அதைப் புகார்ப் படிவத்தில் ஒரு வரியாக ஏற்றியது நான்: 'மெத்தையை அகற்றிவிட்டுக் கட்டிலைப் படம் எடுத்து அனுப்பவும்.' வாடிக்கையாளரைத் திருடன் மாதிரி விசாரிப்பதா என்று பெரியவர் குதித்தார். ஒரு மாதம் அவர் அறை வாசலில் தவம் கிடந்து சம்மதிக்க வைத்தேன். திரும்பி வரும் மெத்தை பாதிக்குப் பாதி குறைந்தது.

நன்றாகத்தான் எழுதினேன். மகள் சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டுக் கொடுத்தாள். காகிதத்துக்கு அம்மை வார்த்த மாதிரி இருந்தது. வட்டத்துக்குள் எல்லாம் 'நாங்கள்'.

"நாங்கள் கவனித்தோம், நாங்கள் மாற்றினோம்... இதுல நீ எங்கம்மா இருக்கே?"

"ஸ்பிரிங் மாமாதானேடி கண்டுபிடிச்சான்."

"சீட்டு ஸ்பிரிங் மாமாவுக்கா வேணும்? உனக்குத்தானே? இப்படித்தாம்மா எல்லாரும் எழுதுவாங்க. நீ மட்டும் தர்மம் பாத்தா நாற்காலி போயிடும்."

நாங்கள் எல்லாவற்றையும் அடித்து நான் ஆக்கினேன். ஸ்பிரிங் போன அந்த வீட்டுக்கும் நானே போனேன். நானே மெத்தையைத் தூக்கினேன். இடுப்புப் பிடித்த எனக்கு ஒரு தலையணையைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும் என்பது கல்லூரிக்குத் தெரியவா போகிறது?

ஜூன் 23

காலையில் மறுபடி படித்தேன். பிரமாதமான பெண்மணி. எனக்கு அவளைத் தெரியாது.

ஜூலை 1

அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "கிடைக்கலேன்னா என்ன, நீ சிரிக்க வைக்கிற ஆளு. எங்க போனாலும் பொழைச்சுக்குவே" என்றார். அப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டில், ஆபீசில், எல்லாருக்கும் நான் தமாஷ். எதற்காவது என்னை நம்பியிருக்கிறார்களா?

ஜூலை 19

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை. காய்ச்சல் என்று லீவு சொல்ல வேண்டும். இன்றே கொஞ்சம் இருமி வைத்தேன். ஸ்பிரிங் தன் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, "உடம்பப் பாத்துக்கங்க அக்கா, வெள்ளிக்கிழமை நானும் இல்ல, சொந்தத்துல கல்யாணம்" என்றான். அக்கா என்பது அவன் எனக்கு வைத்த பெயர் மாதிரி. 'ஆபீஸ்ல அக்கா, அண்ணா எல்லாம் வேணாமே' என்று சின்ன முதலாளி ஒருமுறை கண்டித்தபோது, 'சரி சார், அக்காகிட்ட சொல்லிடறேன்' என்றவன்.

ஜூலை 22

காய்ச்சலும் கல்யாணமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

காத்திருப்பு அறைக் கதவைத் திறக்கிறேன், மடிப்புக் கலையாத சட்டையில் ஸ்பிரிங். அவன்தான் முதலில் மெதுவாகக் கேட்டான்: "காய்ச்சல் எப்படி இருக்கு அக்கா?"

"பரவால்ல. பொண்ணு மாப்பிள்ளை சௌக்கியமா?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாடிப்படிப் போன், சட்டை எல்லாம் இதற்குத்தான். நான் சென்ட் வரைக்கும் ஏற்றிவிட்டவள்! அவன் முகம் சட்டென்று வாடியது. "நீங்க அப்ளிகேஷன் போட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா நான் போட்டிருக்க மாட்டேன் அக்கா. வெளியாள் வந்துடுவானேன்னுதான்..." அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவன் என் கைப்பையை எடுத்துக் கொடுத்து, "தைரியமாப் போங்க" என்றான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் என் கட்டுரையைப் புரட்டினார். உங்கள் கம்பெனியிலிருந்து இன்னொருவரும் வந்தார், அவரும் இதே கட்டில் விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார், இது உண்மையில் யாருடைய யோசனை என்று கேட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் துள்ளித் துள்ளிப் படி இறங்கும் சத்தம் கேட்டது. கேட்டதா, எனக்குத் தோன்றியதா?

"என்னுடையதுதான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவர் நல்ல உதவியாளர்" என்றும் சொன்னேன்.

உதவியாளர். அந்த வார்த்தை என் வாயில் எங்கேயிருந்து வந்தது?

ஜூலை 23

கல்லூரிக்கு எழுதிவிடலாமா? எழுத உட்கார்ந்தேன். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு' என்று கை தானாக ஓடியது. கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 12

கிடைத்துவிட்டது. எனக்கு. அவனுக்கு இல்லை.

மகள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்து, தானே பாதி சாப்பிட்டார். சின்ன முதலாளி கை கொடுத்து, பாதிக் கட்டணத்தைக் கம்பெனி ஏற்கும் என்றார், விண்ணப்பத்தின் நகல் ஒன்று வேண்டும் என்றார். கொடுத்தேன். கேட்பதையெல்லாம் கொடுப்பதுதானே என் வேலை.

ஆகஸ்ட் 13

மத்தியானச் சாப்பாட்டை நானும் ஸ்பிரிங்கும் எப்போதும் திருப்பி வந்த மெத்தைகள் அடுக்கிய அறையில்தான் சாப்பிடுவோம். ஆளுக்கொரு மெத்தை, மகாராஜா மகாராணி மாதிரி. இன்று நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் தன் டப்பாவிலிருந்த முட்டையைப் பாதியாக வெட்டி என் பக்கம் தள்ளினான்.

"எங்கிட்டயும் கேட்டாங்க அக்கா, யாரு யோசனைன்னு. நீங்க வெளியில உக்காந்திருக்கீங்கன்னு தெரியுமே. அதான், எல்லாம் எங்க அக்கா பண்ணது, நான் மெத்தையத் தூக்கினதோட சரின்னு சொல்லிட்டேன். பொய்யில்லையே? நீங்க பெரியவர்கிட்ட மல்லுக்கட்டலேன்னா அது எங்க நடந்திருக்கும்?"

அவன் சொன்னதும் நான் சொன்னதும் அச்சு அசலாகப் பொருந்தியிருக்கின்றன. அந்த அம்மையாருக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கும். எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது கட்டுரையில்லை, இவன்.

நான் என்ன சொன்னேன் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம், பாவி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை வாய்க்குள் உருண்டுகொண்டே இருந்தது. முட்டையைப் போட்டு மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 27

நாளைக்கு.

செப்டம்பர் 5

அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். யாருக்கோ பிரிவு உபசாரம் என்று நினைத்துக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன். என் கட்டுரை. 'நம்மில் ஒருவரின் வெற்றிக் கதை' என்று மேலே தலைப்பு வேறு.

நான் போனேன். நான் மெத்தையைத் தூக்கினேன். நான் கண்டேன். பலகை முழுக்க நான், நான், நான். சுவரில் எறும்பு ஊர்கிற மாதிரி.

சின்ன முதலாளி அறைக்கு ஓடினேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள், வெட்கமாக இருக்கிறது என்றேன். "இவ்வளவு அடக்கம் கூடாது. மத்தவங்களுக்கு ஊக்கமா இருக்கட்டும்" என்று சிரித்தார். அடக்கமாம். வெளியே வந்தால் கணக்குப் பிரிவு அம்மாள் நிற்கிறாள். "அந்த வீட்டுக்குப் போனது ஸ்பிரிங் இல்லையோ? கால்ல ஆணி குத்திக்கிட்டு வந்து நின்னானே, நான்தானே மருந்து போட்டேன்" என்றாள், பரம சாதுவாக. ஊர்க்கதைக்கு உப்புப் போட்டவளுக்கு அவள் கையாலேயே பரிமாறல்.

ஸ்பிரிங் பலகை முன்னால்தான் நின்றான். முழுதாகப் படித்தான், அடிவரி வரைக்கும். பிறகு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனான். மத்தியானம் நான் மெத்தை அறையில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். எதிர் மெத்தை காலியாகவே இருந்தது.

அவன் மேசைக்குப் போய் நின்றேன். "நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றேன். "அதான் போட்டிருக்கே" என்றான். கோபமாகக்கூட இல்லை. கோபமாக இருந்திருந்தால் காலிலாவது விழுந்திருப்பேன்.

அக்டோபர் 3

நாற்காலி என்னுடையதாகிவிட்டது. தற்காலிகம் போய்விட்டது. சனிக்கிழமை முதல் வகுப்பு. முதல் பாடம் குழுவாக வேலை செய்வது பற்றியாம். சிரிக்க ஆளில்லை.

காலையில் ஸ்பிரிங் ஒரு புகாரைக் கொண்டுவந்தான். மெத்தை குழிகிறதாம், கட்டில் படமும் இணைத்திருக்கிறார்கள். படத்தில் பலகையெல்லாம் சரியாக இருந்தது. தப்பு நம்முடையதுதான் போலிருக்கிறது.

"உக்காருடா, சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

"இருக்கட்டும் மேடம்" என்றான்.