மண்ணெண்ணெய் வடித்த டின்

1974, ஆடி, செவ்வாய்.

கல்லூரி வாத்தியாருக்காக வாங்கி வைத்திருந்த சோடிய டின்னிலிருந்து, கட்டிகள் காற்றுப் படாமல் மூழ்கிக் கிடந்த மண்ணெண்ணெயை இன்று என் மனைவி அடுப்புக்கு வடித்துவிட்டாள். ரேஷனில் எண்ணெய் இல்லை. டின்னைக் கழுவத் தொட்டிக்குப் போனவளை, சரக்கெடுக்க வந்த வாத்தியார்தான் கத்தித் தடுத்தார்.

“தண்ணி பட்டிருந்தா வெடிச்சிருக்குமுங்க!”

“இதுல பேட்டரி செஞ்சு யார் மடியில கட்டப் போறீங்க?” என்றேன்.

“கரண்டு ஏத்தினா இந்த உலோகத்து மேல முள்ளு மாதிரி முளைச்சு பேட்டரியைக் கெடுக்குதுங்க. அதை அடக்க ஒரு மேல்பூச்சுத்தானுங்க தேடறேன்.”

டின்னில் என்ன பண்டம் என்று அவளிடம் சொன்னால் வீட்டில் வைக்க விடமாட்டாள் என்றுதான் நான் சொல்லவில்லை.

காற்றுப் பட்டு வெள்ளையாகப் பூத்த கட்டிகளை வாத்தியார் சீவி எடுத்துக்கொள்வார், பாதி விலைக்கு. இனிச் சரக்கு நேராகக் கல்லூரிக்கு. என் வீட்டுப் படி ஏறாது.