ருவகா என்கிற கை

செப்டம்பர் 2
எங்கள் லாத்விய அகராதிக்கு எழுத எனக்கு 'ருவகா' என்ற சொல் வந்திருக்கிறது. கை! ரிகா அலுவலகத்தில் எல்லோருக்கும் பொறாமை. தோளிலிருந்து விரல்நுனி வரை எங்களுக்கு ஒரே சொல்தான். ஒருவருடைய கையெழுத்தும் அதுவே, கூடமாட உதவுகிற ஆளும் அதுவே. சொல்லின் பிறப்பையும் எழுதிவிட்டேன்: 'திரட்டு' என்ற பொருளுள்ள பழைய வினையிலிருந்து வந்தது. கை என்றால் திரட்டுவது.

சரிபார்க்கும் விஸ்மா சிவப்புப் பென்சிலால் 'ஐயம்' என்று எழுதித் திருப்பிவிட்டாள்.

செப்டம்பர் 4
விஸ்மாவுக்கு லியெபாயா நகரத்தில் வேலையாம். அக்டோபரில் போகிறாள். ஒன்பது வருடமாக எதிர் மேசை. பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னேனா? ஐம்பத்தொரு வயதுக் கழுதை.

செப்டம்பர் 5
மறுபடியும் 'ஐயம்'.

செப்டம்பர் 9
சண்டை.

"அந்த வினை நம்ம மொழியில எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

"நம்மகிட்ட செத்துப்போச்சு. பக்கத்து நாட்டு லித்துவேனியாக்காரங்க இன்னும் வெச்சிருக்காங்க."

"பக்கத்து வீட்டுச் சட்டியக் காட்டி நம்ம வீட்ல சமையல்னு சொல்றீங்க!"

தட்டச்சு செய்யும் ஹெர்தா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ— "சனிக்கிழமை என்கூட காளான் பொறுக்க வாங்க. கை எதுக்குன்னு தெரியும்."

"உங்க இடத்துக்கா?" ஹெர்தா சிரிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஊரில் தன் காளான் இடத்தைச் சாகும்போதுகூட யாரும் சொல்வதில்லை.

"ஆமா, என் இடத்துக்குத்தான்."

என்ன செய்துவிட்டேன்!

செப்டம்பர் 13
மானம் போயிற்று. முப்பது வருட இடம், துடைத்துவைத்த மாதிரி காலி. யாரோ கத்தியால் அறுத்த அடிக்காம்புகள் மட்டும். விஸ்மா பாசிமேல் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியை மென்றபடி என்னையே பார்த்தாள்.

"வாங்க, என் இடத்துக்கு. ரயில்ல இன்னும் ரெண்டு ஸ்டாப் போகணும்."

அங்கே சரிவு முழுக்க மஞ்சள் காளான்.

"இந்த இடம் எங்க அக்காவுக்கே தெரியாது," என்றாள். மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டே, "போகாதீங்க, விஸ்மா," என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிரவில்லை. இரண்டு வாளியும் நிறைந்தன.

செப்டம்பர் 14
வெங்காயமும் புளித்த பாலாடையும் போட்டு வதக்கினேன். ருசியே தெரியவில்லை. நேற்றுச் சொல்லியிருக்கக் கூடாதோ?

செப்டம்பர் 16
'ருவகா' அச்சுக்குப் போயிற்று. 'ஐயம்' அப்படியே இருக்கிறது, அதில் அவள் அசையவில்லை.

ஹெர்தா விஸ்மாவைக் கேட்டாள்: "லியெபாயாவுல வீடு பாத்தாச்சா?"

"போகல. வரலன்னு எழுதிப் போட்டுட்டேன். காளான் இடத்த விட்டுட்டு யாரு போவா?"

"எந்த இடம்?"

"அது எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்," என்றாள் விஸ்மா, தலை நிமிராமல்.